வித்தை நிஜம், ஆபத்து பொய்: வரப்போகும் சண்டைப் படங்கள் பற்றி ஒரு ரசிகன்

கோடை விடுமுறையின்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சம்பவம் நடந்தது. பதினோரு வயதுப் பையன் ஒருவன், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரையில் ஏறி, கைகளை விரித்துக்கொண்டு கீழே குதித்தான். உயரம் என்னவோ எட்டு அடிதான். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். "ஏண்டா குதிச்சே?" என்று கேட்டதற்கு, "சினிமாவுல மூணாவது மாடியிலேர்ந்து குதிச்சு அப்படியே நடந்து போறாங்களே தாத்தா" என்றான்.

அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டத்தில் இதுதான் பேச்சு. சண்டைப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது என்று பலர் சொன்னார்கள். ஒரு அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், இந்தப் படத்தையெல்லாம் ஒண்ணு விடாம பார்க்கிறவர் நீங்கதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்ல வேண்டிய பதிலை அன்று சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அடுத்து வரவிருக்கும் சில படங்களைப் பற்றிய செய்தியும் என் அபிப்பிராயமும் இதில் உண்டு.

சண்டைப் படங்களை எடை போட ஐம்பது வருடமாக நான் கைக்கொண்டு வரும் அளவுகோல் ஒன்றுதான். நல்ல சண்டைப் படத்தில் வித்தை நிஜமாக இருக்கும், ஆபத்து பொய்யாக இருக்கும். மட்டமான சண்டைப் படத்தில் வித்தை பொய்யாக இருக்கும், ஆபத்து நிஜமாக இருக்கும். இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிட்டால் தடை எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

முழு உடம்பும் தெரிய வேண்டும்

முதலில் வித்தை என்று நான் எதைச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீடு ஜோலார்பேட்டையில். விடுமுறைக்குப் பெங்களூரில் மாமா வீட்டுக்கு வருவேன். பிளாசா, ரெக்ஸ், லிடோ என்று கண்டோன்மெண்ட் பக்கம் ஆங்கிலப் படத் தியேட்டர்கள் வரிசையாக இருந்த காலம் அது. பிளாசா இன்று இல்லை, ரெக்ஸும் 2018 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. அந்த நாளில்தான் மாமா என்னை 'எண்டர் தி டிராகன்' படத்துக்கு அழைத்துப் போனார். 1973-இல் வந்த படம். அது வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே, அந்த ஆண்டு ஜூலை 20 அன்று, புரூஸ் லீ 32 வயதில் இறந்துவிட்டார் என்பதை வெளியே வந்த பிறகுதான் மாமா சொன்னார். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னை அப்படி இழுத்தது எது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். புரூஸ் லீயே இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' 1972-இல் வந்தது. அதில் ரோமாபுரியின் பழைய கொலோசியத்தில் அவருக்கும் சக் நாரிஸுக்கும் ஒரு சண்டை உண்டு. சக் நாரிஸ் நிஜமாகவே கராத்தே சாம்பியன். அந்தக் காட்சியில் கேமரா பல இடங்களில் தள்ளி நின்று இருவரையும் தலை முதல் கால் வரை காட்டும். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது, அடி எங்கிருந்து கிளம்புகிறது என்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். கற்றவன் செய்கிறான் என்ற நம்பிக்கை வரும்.

இதை நம் ஆட்கள் அதற்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். 1963-இல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். ஆடும் சிலம்பத்தைப் பாருங்கள். 1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே அவர் கம்பு சுற்றும் சண்டையைப் பாருங்கள். சிலம்பம் தெரிந்தவர் கையில் கம்பு இருப்பதற்கும், தெரியாதவர் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இப்போது பல படங்களில் என்ன நடக்கிறது? கை ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, முகம் ஒரு துண்டு என்று நொடிக்கு ஒரு வெட்டு. நடுவில் 'டமால்' என்று சத்தம். அடித்தவர் யார், பட்டவர் யார் என்று புரிவதற்குள் பத்துப் பேர் பறந்து போய் விழுகிறார்கள். கற்றுக்கொள்ளாத கதாநாயகனை வீரனாகக் காட்ட இது ஒரு சுலபமான வழி. இதைத்தான் வித்தை பொய் என்கிறேன்.

பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். சண்டை தொடங்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே காட்சி வெட்டுப்படாமல் ஐந்து எண்ணும் வரை நீடித்து, அதில் நடிகரின் காலும் தெரிந்தால், அவர் ஏதோ கற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்புப் பையன்கள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

குடியாத்தத்துக்காரரும் ரயில் கூரையும்

தமிழ் சினிமாச் சண்டையைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பெங்களூர்-சென்னை ரயில் பாதையில் இருக்கும் குடியாத்தத்தைச் சேர்ந்தவர் ஜூடோ கே.கே. ரத்னம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்தவர். 2023 ஜனவரி 26 அன்று 92 வயதில் காலமானார். தன் பெயருக்கு முன்னால் ஒரு கலையின் பெயரைப் போட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி உழைத்துக் காட்டியவர்.

அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது 1980-இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'முரட்டுக்காளை'. ஓடும் ரயிலின் கூரைமேல் ரஜினிகாந்த் போடும் சண்டை. நம் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் ரயில் மேல் நின்று சண்டை போடுகிறார் என்று பெங்களூர்த் தமிழர்களுக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இதே கூட்டணியில் 1983-இல் வந்த 'பாயும் புலி', ஹாங்காங்கின் 'ஷாவ்லின் 36-வது அறை' என்ற 1978-ஆம் வருடப் படத்தின் சாயலில், கராத்தேயைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோனது. கர்நாடகத்தின் மதுகிரியில் பிறந்து கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கிய அர்ஜுன் தமிழில் 'ஆக்‌ஷன் கிங்' ஆனது அதற்குப் பிறகு.

ரயில் கூரைச் சண்டையை நான் ரசித்தவன்தான். ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மின்மயமான பாதையில், தண்டவாளத்திலிருந்து பெட்டியின் கூரை சுமார் 4 மீட்டர் உயரம். அதற்கு மேலே போகும் மின்கம்பி சுமார் 5.5 மீட்டர் உயரம். இடையில் இருப்பது ஒன்றரை மீட்டர். ஓர் ஆள் கூரையில் நிமிர்ந்து நின்றாலே தலை கம்பியில் இருக்கும். அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். இன்னொன்றும் உண்டு. அந்த அழுத்தத்தில் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். கம்பியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது என்பது ரயில்வே விதி. அப்படியென்றால், மின்பாதையில் ரயில் கூரையில் உட்கார்ந்தாலும் ஆபத்துதான். செல்ஃபோனில் படம் எடுக்கக் கூரை ஏறும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. மேலே கம்பி இல்லாத பாதையில் அன்று எடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இருக்கும் பாதையில் அதைச் செய்துபார்க்கக் கூடாது.

விழுவதற்கும் ஒரு கணக்கு

இனி ஆபத்து என்ற பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் பையன் குதித்த எட்டு அடிக்கு, தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். முப்பது அடியிலிருந்து விழுந்தால் 48 கிலோமீட்டர். அறுபது அடியிலிருந்து விழுந்தால் 68 கிலோமீட்டர். ஆனால் உடம்பை உடைப்பது வேகம் மட்டும் அல்ல. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முப்பது அடி விழுந்தவரை அரை அடிக்குள் நிறுத்தினால், உடல் எடையைப் போல் சுமார் அறுபது மடங்கு விசை அவர்மேல் விழும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை டன். அதே ஆளை ஐந்து அடி ஆழத்தில் மெதுவாக நிறுத்தினால் ஆறு மடங்குதான். ரயில் பெட்டிகளுக்கு நடுவில் பஃபர் வைப்பதும், சில இடங்களில் பாதை முடியும் முனையில் மணல் மேடு போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சண்டைக் கலைஞர்கள் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் மெத்தை போட்டு விழுவதும், காற்றடைத்த பெரிய பைகளில் விழுவதும் இந்தக் கணக்கின்படிதான். கேமராவில் தெரிவது தரை. அவர் விழுவது பெட்டியில். பிறகு தரையில் படுத்திருப்பதைத் தனியாக எடுத்து ஒட்டுவார்கள். நல்ல படத்தில் ஆபத்து பொய் என்று நான் சொல்வது இதைத்தான். பார்ப்பவனுக்கு நெஞ்சு பதற வேண்டும், செய்பவர் மாலையில் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி ஏமாற்றுவதும் ஒரு பெரிய கலை.

அந்தரத்தில் பறக்கும் காட்சிகளில் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். 1999-இல் வந்த 'மேட்ரிக்ஸ்', 2000-இல் வந்த 'கிரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' ஆகிய இரண்டுக்கும் சண்டை அமைத்தவர் ஹாங்காங்கைச் சேர்ந்த யுவன் வூ பிங். கயிறு கட்டுவது தப்பே இல்லை. ஆனால் ஆளைத் தூக்கும் கயிற்றுக்குப் பொறியியலில் தனி மரியாதை உண்டு. லிஃப்ட் கயிற்றுக்கு அது சுமக்கும் எடையைப் போல் பத்து மடங்கு அளவுக்குப் பலம் வைப்பார்கள். படப்பிடிப்பிலும் அதே மரியாதை வேண்டும்.

அந்த மரியாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் ஊருக்குக் குடிநீர் கொடுத்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் நம்மில் பலருக்குத் தெரியும். 2016 நவம்பர் 7 அன்று 'மாஸ்தி குடி' என்ற கன்னடப் படத்துக்காகக் கதாநாயகன் துனியா விஜய்யும், அனில், உதய் என்ற இரண்டு நடிகர்களும் ஹெலிகாப்டரிலிருந்து அந்தத் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகன் கரை சேர்ந்தார். மற்ற இருவரும் மூழ்கிப் போனார்கள். அவர்கள் உயிர்காப்பு ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. தண்ணீர் மெத்தை மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வேகத்தில் தண்ணீரும் அடிக்கும். அடிபட்ட உடம்போடு நீந்தியும் ஆக வேண்டும்.

2021 ஆகஸ்டில் பிடதி அருகே இன்னொரு கன்னடப் படப்பிடிப்பில் கிரேன் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், பா. ரஞ்சித் இயக்கும் 'வேட்டுவம்' படத்துக்காகக் கார் பாய்ந்து கவிழும் காட்சியை எடுத்தபோது, அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் எஸ்.எம். ராஜு உயிரிழந்தார். இவர்களுக்கெல்லாம் குடும்பம் உண்டு. போஸ்டரில் இவர்கள் முகம் இருப்பதில்லை.

ஆபத்தை நிஜமாக ஏற்றுக்கொண்ட பெரிய நடிகர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஊமைப்பட நடிகர் பஸ்டர் கீட்டன், 1924-இல் ஒரு படத்துக்காக, ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் தொங்கியபோது தண்ணீர் வேகமாகக் கொட்டிக் கீழே விழுந்தார். கழுத்து எலும்பில் முறிவு இருந்தது என்பது அவருக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஜாக்கி சான் 1980-களின் நடுவில் 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரக்கிளை ஒடிந்து விழுந்து மண்டை உடைந்து பிழைத்தார். அவர் படங்களின் கடைசியில் அடிபட்ட காட்சிகளையும் சேர்த்துக் காட்டுவார். அது ஒரு நேர்மை. பிள்ளைகள் எழுந்து போகாமல் அதையும் பார்க்க வேண்டும். ஜாக்கி சான் நம் மாநிலத்துக்கும் வந்தவர்தான். 2005-இல் வெளியான 'தி மித்' படத்தின் ஒரு பகுதியை ஹம்பியில் எடுத்தார்கள்.

நம் கலைகள் திரையில்

நம் பிள்ளைகளுக்குக் கராத்தே, குங்ஃபூ தெரிந்த அளவுக்கு நம் கலைகளின் பெயர்கூடத் தெரிவதில்லை. இதில் சினிமா கொஞ்சம் உதவி செய்திருக்கிறது. 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் சிலம்பக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. 1996-இல் வந்த 'இந்தியன்' படத்துக்குப் பிறகுதான் வர்மக் கலை என்ற பெயர் வீடு வீடாகப் போனது. ஆனால் இரண்டு விரலால் ஆளை முடக்குவது மட்டும்தான் வர்மம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். குமரி மாவட்டத்து ஆசான்களிடம் வர்மம் என்பது வைத்தியமும்தான். சித்த மருத்துவத்தில் அதற்கு இன்றும் இடம் உண்டு. 2020 பொங்கலுக்கு வந்த 'பட்டாஸ்' படத்தில் தனுஷும் சினேகாவும் அடிமுறையை மையமாக வைத்து நடித்தார்கள். கதை வழக்கமானதுதான். இருந்தாலும் 'அடிமுறை' என்ற சொல்லை ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியதற்காகப் பாராட்டலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த '7ஆம் அறிவு', காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர்தான் சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்று காட்டியது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் சீனாவின் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மகன் என்கிறது. குங்ஃபூவோடு அவரை இணைக்கும் கதை ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலிலிருந்து வந்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. அவரால் வரும் பெருமை நிச்சயமில்லாதது. கிராமத்து மைதானத்தில் விடியற்காலையில் கம்பு சுற்றக் கற்றுத்தரும் வாத்தியாரோ நம் கண்முன்னால் இருக்கிறார். நாம் முதல் வணக்கத்தை அவருக்கு வைக்கலாம்.

வரப்போகும் படங்கள்

இனி, அறிவிக்கப்பட்டு ரசிகர்கள் எதிர்பார்க்கும் சில படங்கள்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்': ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987-இல் தொடங்கிய வீடியோ விளையாட்டை வைத்து எடுக்கப்படும் ஹாலிவுட் படம். 2026 அக்டோபரில் வெளியாகும் என்று அறிவித்தார்கள். இதில் டால்சிம் என்ற இந்திய யோகி வேடம் வித்யுத் ஜாம்வாலுக்கு. 'துப்பாக்கி'யில் வில்லனாக வந்தாரே, அவர்தான். சிறு வயது முதல் கேரளத்தில் களரி கற்றவர். 2025-இல் 'மதராஸி'யிலும் நடித்தார். விளையாட்டில் டால்சிம்முக்குக் கை கால் ரப்பர் போல நீளும், வாயில் நெருப்பு வரும். யோகா என்றால் இதுதான் என்று மேல்நாட்டுக்காரன் நினைத்துக்கொண்டது அது. களரி தெரிந்த ஓர் ஆளைப் பிடித்துவிட்டு, அவர் கையைக் கம்ப்யூட்டரில் நீட்டினால் என்ன லாபம்? ஒரு நிமிடமாவது அவரை அவர் காலில் நின்று சண்டை போட விட்டால் போதும் என்று ஆசைப்படுகிறேன்.

'சார்பட்டா' இரண்டாம் சுற்று: 2021-இல் பா. ரஞ்சித் இயக்கத்தில் வந்த 'சார்பட்டா பரம்பரை', 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய படம். இதன் அடுத்த பாகம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. என் அளவுகோலில் அண்மைக் காலத்தில் அதிக மதிப்பெண் வாங்கிய தமிழ்ப்படம் முதல் பாகம்தான். 'டான்சிங் ரோஸ்' என்ற பாத்திரத்தின் கால் அசைவைத் தெருவில் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். கூரையிலிருந்து குதிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்! நான் மிகவும் எதிர்பார்ப்பது இந்தப் படத்தைத்தான்.

'லோகா' இரண்டாம் பாகம்: 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் 'லோகா' நம் பெங்களூரிலேயே நடக்கும் கதை. கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலி கதையை வைத்து, கல்யாணி பிரியதர்ஷனைச் சண்டைக் கதாநாயகியாக்கியது. அடுத்த பாகம் டொவினோ தாமஸை வைத்து என்று அறிவித்திருக்கிறார்கள். இது மாயசக்திக் கதை, வித்தைக் கதை அல்ல. அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாராளமாகப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளும் தற்காப்புக் கலை வகுப்புக்குப் போக ஆசைப்பட்டால் நல்லதுதானே.

'இந்தியன்' மூன்றாம் பாகம்: 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்தின் முடிவிலேயே இதன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் சேனாபதி தாத்தாவின் வர்மம் எனக்கு ஏமாற்றமே. முதல் பாகத்தில் அந்த விரல்களைப் பார்த்தபோது பயம் வந்தது. இரண்டாவதில் கம்ப்யூட்டர்தான் தெரிந்தது. மூன்றாவதில் குறைகளைச் சரிசெய்யட்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2027-இல் வெளியாகும் படங்கள் முதல், சண்டை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் விருது தருவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். இதில் நாம் அவர்களுக்கு முந்திக்கொண்டோம். நம் நாட்டின் தேசிய விருதுகளில் 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே சண்டை அமைப்புக்கு விருது உண்டு. முதலில் வாங்கியவர் 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன். நம் பக்கத்துக் கோலார் தங்கவயலைக் கதைக்களமாகக் கொண்ட 'கே.ஜி.எஃப்.' படத்தின் இரண்டு பாகங்களும் அதே விருதை வாங்கின. அவற்றின் சண்டை அமைப்பில் பங்கு கொண்ட அன்பறிவ் சகோதரர்கள் தமிழர்கள். இனி வரும் நடுவர்கள், எத்தனை கார் பறந்தது என்று மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்றும் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பெற்றோர்களுக்கு

கடைசியாக, அந்த அம்மாவுக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதில். படத்தைத் தடுக்காதீர்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். 'இவர் நிஜமாகக் கற்றவரா? எதன்மேல் விழுந்திருப்பார்? கயிறு எங்கே கட்டியிருப்பார்கள்?' என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். தந்திரம் தெரிந்துவிட்டால் ரசனை குறையாது, குருட்டுத் துணிச்சல்தான் குறையும்.

பிள்ளைக்கு ஆசை வந்தால் ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். கராத்தேயோ ஜூடோவோ சிலம்பமோ, எதுவாக இருந்தாலும் சரி. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் ஓரமாக நின்று கவனியுங்கள். நல்ல ஆசிரியர் அடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் நிற்கச் சொல்லிக்கொடுப்பார். எறியும் கலையாக இருந்தால் முதலில் விழச் சொல்லிக்கொடுப்பார். சிலம்பமாக இருந்தால் காலடி சரியாகும் வரை கம்பைச் சுழற்ற அவசரப்படுத்த மாட்டார். முதல் மாதமே ஓடு உடைக்கவும் நெருப்பு வளையத்தில் பாயவும் விடுகிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் அறிமுக விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. களரிக்கும் அந்தத் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதனால் இது பொழுதுபோக்கு மட்டுமே என்று ஒதுக்க வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்புப் பையனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. மாவுக்கட்டு போட்டிருந்த நாட்களில் அவனுக்கு எட்டு அடியின் கணக்கையும் முப்பது அடியின் கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்த ஹீரோவுக்குக் கீழே எத்தனை அட்டைப் பெட்டி போட்டிருப்பாங்க தாத்தா?" என்று கேட்டான். கூரை ஏறுவதற்கு முன்பே அவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அது அவன் பெற்றோரின் தவறு மட்டுமல்ல, ஐம்பது வருடமாக ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களின் தவறும்தான்.